பிளாட்டினம், இரிடியம் இல்லாமல் தண்ணீரைப் பிரித்துப் பசுமை ஹைட்ரஜன் எடுக்க முடியுமா?

முடியும், காரக் கரைசலில். அமிலச் சவ்வு வைத்த கருவியில் இன்னும் சிரமம். நான் காரைக்குடி, மின்வேதியியல் ஆய்வு மாணவன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) வந்த ஊர் என்பதால்தான் இந்தப் படிப்பின் பெயரே சின்ன வயதில் என் காதில் விழுந்தது.

தண்ணீர் பிரிய 1.23 வோல்ட் போதும் என்பது கணக்கு. நடப்பில் 1.8, 2 வோல்ட் என்று கேட்கும். பெரிய காரணம் ஆக்சிஜன் பக்கம், அங்கே ஒரு மூலக்கூறு வெளியேற நான்கு எலக்ட்ரான் கைமாற வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தின் கரைசலில் அந்த வேலையை நிக்கல் செய்வதாகத்தான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள், ஆனால் கரைசலில் அழுக்காகக் கலந்து வந்த இரும்புக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்று 1987இல் காரிகன் என்ற ஆய்வாளர் காட்டினார். இன்று நிக்கலும் இரும்பும் சேர்ந்த ஹைட்ராக்சைடுதான் காரத்தில் முன்னணி வினையூக்கிகளில் ஒன்று, இரண்டுமே மலிவு.

பக்கத்து வீட்டு ஆச்சி பாத்திரக்கடை வைத்திருப்பவர். "ஏம்ப்பா, எவர்சில்வர்ல ஆகாதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதில் இரும்பும் நிக்கலும் இருப்பதால் காரத்தில் ஓரளவு நன்றாகவே ஓடும். ஆனால் கூடவே உள்ள குரோமியம் நச்சு வடிவில் கரைந்து வரும், அதனால் வீட்டில் டம்ளரை வைத்துச் செய்து பார்க்காதீர்கள்.

அமிலத்தில் நிக்கல், இரும்பு எல்லாம் நேர்மின்முனையில், அதாவது ஆக்சிஜன் பக்கம், கரைந்துவிடும். தாங்குவது இரிடியம் ஆக்சைடு, அந்த உலோகமோ உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏழெட்டு டன்தான் கிடைக்கிறது. அதனால்தான் அமிலச் சவ்வுக்குப் பதில் காரச் சூழலில் ஓடும், ஹைட்ராக்சைடு அயனியைக் கடத்தும் சவ்வில் பலர் உழைக்கிறார்கள், என் நம்பிக்கையும் அங்கேதான்.

அப்புறம், "பிளாட்டினத்துக்கு இணை" என்று வரும் கட்டுரைகளைப் படிக்கும்போது எதிரே என்ன மின்முனை வைத்தார்கள் என்று முதலில் பாருங்கள். ஹைட்ரஜன் பக்கத்துக்கு நான் வைத்த கோபால்ட் பாஸ்பைடு வினையூக்கி நாளுக்கு நாள் மெருகேறிக்கொண்டே போனது, மூன்று மாதம் அதே சந்தோஷத்தில் இருந்தேன். கடைசியில் பார்த்தால் எதிரில் இருந்த பிளாட்டினக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அதன்மேல் படிந்திருக்கிறது. கிராஃபைட் தண்டுக்கு மாறி, முதல் அளவீட்டிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன்.