கடலோர ரிசார்ட்டில் ஏழு இரவு: கேள்வி - பதில்

பணி ஓய்வுக்குப் பிறகு கணவனும் மனைவியுமாக வெப்பமண்டலக் கடற்கரை ரிசார்ட்டுக்குக் கிளம்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

கே: ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்று மொத்தமாகப் பணம் கட்டிவிட்டோம். இனி அங்கே போய்ப் பர்ஸைத் திறக்க வேண்டியதில்லைதானே?

ப: திறக்க வேண்டியிருக்கும். அறை, பஃபே சாப்பாடு, ஹோட்டலின் வழக்கமான பானங்கள், கயாக் போன்ற மோட்டார் இல்லாத நீர் விளையாட்டுகள் பெரும்பாலும் கட்டணத்துக்குள் வந்துவிடும். ஸ்பா, சலவை, மோட்டார் படகு, வெளியே கூட்டிப்போகும் சுற்றுலா, உயர்ரக மது, டாக்டர் வந்து பார்ப்பது எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்கு. சில நாடுகளில் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியும் உண்டு.

விமான நிலையத்திலிருந்து கூட்டிப்போவது சேர்த்தியா என்பதை வவுச்சரில் எழுத்தாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மாலத்தீவில் கடல் விமானம் பகலில்தான் பறக்கும். உங்கள் விமானம் சாயங்காலம் இறங்கினால், கட்டிய முதல் இரவு வீணாகி, வேறு ஹோட்டலுக்கும் பணம் கொடுக்க நேரலாம்.

செக்-இன் செய்யும்போது, கூடுதல் செலவுக்கு ஈடாக ஒரு தொகையைப் பிடித்துவைக்கக் கார்டு கேட்பார்கள். கிரெடிட் கார்டையே நீட்டுங்கள். டெபிட் கார்டு என்றால் அந்தத் தொகை உங்கள் கணக்கில் முடங்கி, ஊர் திரும்பிச் சில நாள் கழித்துத்தான் விடுபடும். பஃபே இல்லாத தனி உணவகங்களுக்கு முன்பதிவு வேண்டுமா என்று அதே கவுன்டரில் கேட்டு, முதல் நாளே இடம் பிடித்துவிடுங்கள். மூன்றாம் நாள் போனால் இரவு ஒன்பதரை மணி மேஜைதான் மிஞ்சியிருக்கும்.

கே: கரீபியன் பக்கம் எந்த மாதம் போகலாம்?

ப: அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர். ‘பாதி விலை’ விளம்பரங்கள் ஏன் அந்த நேரத்தில் வருகின்றன என்று இப்போது புரியும். பயணக் காப்பீட்டை டிக்கெட் போட்ட கையோடு எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்த பாலிசி அந்தப் புயலுக்குப் பணம் தராது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோயை மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று, சர்காஸம் என்ற பழுப்புப் பாசி. 2011 முதல் வசந்தத்திலும் கோடையிலும் கரீபியக் கரைகளில் இது குவியல் குவியலாக ஒதுங்குகிறது. அழுகும்போது கெட்டுப்போன முட்டை நாற்றம் அடிக்கும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். கிழக்கு பார்த்த கரைகளில்தான் அதிகம் சேரும் என்பதால், கடற்கரை எந்தத் திசை பார்க்கிறது என்பதைப் பார்த்துவிட்டு ரிசார்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

கே: மனைவிக்கு மூட்டுவலி. அறை எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

ப: அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு எத்தனை மீட்டர், வழியில் எத்தனை படி என்பதுதான் முதல் கேள்வி. ஒரு நாளில் அந்த வழியை ஆறு தடவையாவது நடப்பீர்கள். குளியலறையில் தொட்டி வேண்டாம், தரையோடு தரையான ஷவரும் கைப்பிடியும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். இரவு நிகழ்ச்சி மேடைக்கு அருகில் அறை வேண்டாம். ‘கடல் தெரியும் அறை’ என்பதில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரிவதும் அடக்கம். ‘கடலை நோக்கிய அறை’ என்பது வேறு, அதற்கு விலையும் வேறு.

கே: வீட்டுக்காரர் இன்சுலின் போடுகிறார். ரத்த அழுத்த மாத்திரையும் உண்டு. வெயிலில் என்ன ஆகும்?

ப: மருந்து முழுவதும் கைப்பையில் இருக்கட்டும். சரக்குப் பெட்டியில் போனால் தொலையவும் செய்யும், உறையவும் செய்யும். ஏழு நாளைக்கு வேண்டியதோடு நான்கு நாள் கூடுதலாக, அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் எடுத்துச் செல்லுங்கள்.

பிரிக்காத இன்சுலின் பேனாவுக்கு (பேனா வடிவ ஊசி) 2 முதல் 8 டிகிரி வேண்டும். உபயோகத்தில் இருக்கும் பேனா, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். உங்கள் வகைக்கு எவ்வளவு என்று உள்ளே இருக்கும் தாளில் பாருங்கள். பல ரிசார்ட் அறைகளில் சாவி அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் குட்டி ஃபிரிட்ஜும் நின்றுவிடும். கவுன்டரில் சொன்னால் எப்போதும் மின்சாரம் உள்ள பிளக்கில் மாற்றித் தருவார்கள். பின்பக்கக் குளிர்த்தகட்டை ஒட்டி வைக்காதீர்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலின், உருகித் தெளிந்து பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான்.

உடம்பு சூடானால் இன்சுலின் வேகமாக ரத்தத்தில் இறங்கும். வெந்நீர்த் தொட்டிக்குள் போகும் முன் ஊசி வேண்டாம். இலவசம் என்று கையில் தரும் மது சர்க்கரையை அன்று இரவோ மறுநாள் காலையோகூடத் தாழ்த்தலாம். அழுத்த மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்து இருந்தால், வியர்வையும் சேர்ந்து நீர் வற்றி, எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வெயில் ஊருக்குப் போவதை டாக்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கே: போன தடவை மூன்றாம் நாளே வயிற்றைக் கலக்கிவிட்டது. பஃபேயில் எதைத் தொடலாம்?

ப: எதைத் தொடலாம் என்பதைவிட எப்போது தொடலாம் என்பது முக்கியம். சூடான பண்டம் 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். நடுவே இருப்பதில் கிருமி பெருகும். கதவு திறந்த முதல் அரைமணியில் போங்கள். ஆவி பறக்காத தட்டைத் தாண்டிவிட்டு, கண்ணெதிரே சமைத்துத் தரும் மேஜைக்குச் செல்லுங்கள். சமைக்காத சிப்பி வேண்டாம். பாரகூடா போன்ற பெரிய பவளத்திட்டு மீன்களில் சிகுவடெரா நச்சு இருக்கலாம். அது சமைத்தாலும் போகாது.

வாசலில் வைத்திருக்கும் கிருமிநாசினி ஜெல், ரிசார்ட் வாந்திபேதிக்குக் காரணமான நோரோவைரஸிடம் அவ்வளவாகச் செல்லாது. அதற்கு 20 விநாடி சோப்பும் தண்ணீரும்தான். நூறு பேர் பிடித்த பரிமாறும் கரண்டியை நீங்களும் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்பதால், தட்டை நிரப்பிய பிறகு கைகழுவுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் குறைந்தது பத்து இருக்கட்டும். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

கே: இருவருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. ஸ்நார்க்கெல் (மூச்சுக்குழாய் மாட்டி, குப்புற மிதந்தபடி மீன் பார்ப்பது) செய்யலாமா?

ப: இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யலாம். கழுத்தளவு தண்ணீரில் இறங்கியதும் காலில் உள்ள ரத்தம் மார்புக்கு ஏறும், இதயத்துக்குச் சுமை. குழாய் வழியாக இழுக்கும் மூச்சு இன்னொரு சுமை. திணறுகிறவர் கத்துவதில்லை, குப்புற மிதந்தபடியே இருப்பார். கரையில் இருப்பவர் மீன் பார்க்கிறார் என்றே நினைப்பார். அதனால் ஒருவர் போட, மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முறை. திடீரென மூச்சு இளைத்தால் குழாயைத் துப்பிவிட்டு மல்லாந்து மிதந்து, கால் தரையில் படும் இடத்துக்கு வந்து நில்லுங்கள்.

முதல் நாள் நீச்சல் குளத்தில் பழகுங்கள். மூக்கையும் மூடும் நீர்க் கண்ணாடியைப் பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அதுதான் உங்கள் அளவு. மீசைக்காரர்களுக்குத் தண்ணீர் கசியும். மேலுதட்டில் வாஸ்லைன் தடவலாம்.

கரையில் மஞ்சளும் சிவப்புமான கொடிகளுக்கு நடுவே குளியுங்கள். இரட்டைச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஊதா என்றால் ஜெல்லி மீன் போன்றவை. அலைகள் வரிசையாக உடையும்போது ஓரிடம் மட்டும் உடையாமல், சற்றுக் கருத்து, சாதுவாகத் தெரியும். குளிக்கத் தோதான இடம்போல் இருக்கும். ஆனால் ஆளை வெளியே இழுக்கும் நீரோட்டம் அதுதான். மாட்டினால் கரையை நோக்கி நீந்தாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகுங்கள். முழங்கால் ஆழத்திலும் கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். கரையிலேயே உடையும் அலை ஆளைத் தலைகுப்புறப் போட்டுக் கழுத்தெலும்பை முறித்துவிடும்.

கே: சன்ஸ்கிரீன் எத்தனை டியூப்?

ப: உடம்பு முழுக்க ஒருவருக்கு, ஒரு தடவைக்கு, 30 மில்லி. இரண்டு மணிக்கொருதரம் திரும்பப் பூச வேண்டும். 100 மில்லி டியூப் இருவருக்கு ஒரு நாள்கூட வராது. முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் செலவு பாதியாகும். கொசு மருந்து அதற்கு மேல்தான், முதலில் அல்ல. ஹவாயில் 2021 முதல் ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனை விற்கத் தடை. பசிபிக் தீவு நாடான பலாவுவில் 2020 முதலே தடை.

கே: கடைசி நாள் விமானம் இரவு 10 மணிக்கு. அறையைப் பகல் 11 மணிக்கே காலி செய்யச் சொல்கிறார்கள்.

ப: ரிசார்ட் விருந்தினர் என்பதற்கு அடையாளமாகக் கையில் கட்டிய பட்டையை எத்தனை மணிக்கு வெட்டுவார்கள் என்று முந்தின நாளே கேளுங்கள், வெட்டினால் சாப்பாடு நின்றது. கிளம்புகிறவர்கள் குளித்து உடை மாற்றப் பொது அறை சில ரிசார்ட்டுகளில் இருக்கும். இல்லையென்றால் அரைநாள் அறைக்குப் பணம் கட்டுவது நல்லது. வியர்வையும் மணலுமாக இரவு முழுக்க விமானத்தில் உட்கார முடியாது. ஸ்கூபா (காற்று சிலிண்டர் மாட்டி ஆழத்தில் மூழ்குவது) பலமுறை செய்திருந்தால் கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். நீச்சலுடையை முந்தின நாள் மாலையே அலசிக் காயப்போட்டுவிடுங்கள். அந்த ஈரக் காற்றில் ஒரே இரவில் உலர்ந்தால் அதிர்ஷ்டம்.