அந்தப் பாத்திரம் ஏன் இன்னும் உங்கள் அலமாரியில்?

கேள்வி: நான் திருநெல்வேலிக்காரி. ஹூஸ்டனில் நர்ஸாக இருக்கிறேன். கணவர் நைஜீரியாவின் அனம்ப்ரா மாநிலத்தைச் சேர்ந்த இக்போக்காரர். கல்யாணமாகி 13 வருஷம், இரண்டு பிள்ளைகள். இங்குள்ள அவர்களுடைய ஊர்ச் சங்கம், மண்டபம் வாங்கப் பிரித்த பணத்தின் கணக்கில் தகராறு வந்து போன வருஷம் இரண்டாகிவிட்டது. என் கணவர் ஒரு பக்கம், அவருடைய பெரியப்பா மகன் இன்னொரு பக்கம். ஆகஸ்டில் புதுக் கிழங்குத் திருவிழாவையே இரண்டு இடத்தில் நடத்தினார்கள். மாதச் சந்தா, சாவு வரி என்று செலவு வேறு. இரண்டையும் விட்டுத் தொலையுங்கள் என்றால் அவர் கேட்பதாக இல்லை. அந்த அண்ணனின் மனைவி நம்பரை நான் பிளாக் செய்துவிட்டேன். இரண்டாவது பிரசவத்துக்கு என் அம்மாவுக்கு விசா கிடைக்காதபோது அவர்தான் ஒரு மாதம் சமைத்துக் கொண்டுவந்தார். அவர் பாத்திரம்கூட இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது. அதெல்லாம் பழைய கதை. நான் வெளியாள், எனக்கு எதற்கு இந்த வம்பு? கணவரை எப்படி வெளியே கொண்டுவருவது?

பதில்: சங்கம் உடைந்தது, கோயில் கமிட்டி உடைந்தது என்று எத்தனையோ கடிதம் படித்தாயிற்று. கணக்கு, பதவி, மண்டபம், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். உங்களுடையதில் இரண்டு இருக்கிறது போல. கணக்கு கேட்கிறவர்கள் கேட்கட்டும், காட்ட வேண்டியவர்கள் காட்டட்டும். எனக்கு அந்தப் பாத்திரத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அம்மா, ஒரு மாதம் உங்களுக்குச் சமைத்துப் போட்டது என்ன கணக்கு என்று தெரியுமா? இக்போக்காரர்கள் அதை ஒமுக்வோ என்பார்கள். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளத் தாய் வந்து தங்குவது. வெந்நீரில் துணியை நனைத்து வயிற்றில் ஒத்தடம், மிளகும், உஸிஸா என்ற அந்த ஊர்க் கார மசாலாவும் தூக்கலாகப் போட்டுக் கருவாடும் கிழங்கும் கொதிக்கும் காரச் சாறு, குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. நம் ஊரில் பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் மாதிரி. முறைப்படி அது பெண்ணைப் பெற்றவளின் வேலை. உங்கள் அம்மாவுக்கு விசா இல்லை. அந்த இடத்தில் உங்கள் ஓரகத்தி வந்து நின்றார். அதைப் போய் ‘பழைய கதை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வயது? அவ்வளவுதான் அந்தக் கதைக்கும் வயது.

அப்புறம் இந்த ‘வெளியாள்’. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் உங்களை ‘ந்வுன்யே அன்யி’ என்று கூப்பிட்டிருப்பார்களே, காதில் விழவில்லையா? வார்த்தைக்கு வார்த்தை ‘எங்கள் மனைவி’. ஒருவன் கட்டிய பெண் அவனுடைய பங்காளிகள் அத்தனை பேருக்கும் வீட்டு மருமகள் என்று அர்த்தம். காரச் சாறு குடிக்கும்போது மருமகள், சண்டை வந்தால் வெளியாளா?

சந்தாவையும் சாவு வரியையும் பற்றி அலுத்துக்கொள்கிறீர்கள். 1967இல் நைஜீரியாவிலிருந்து பிரிந்து பயாஃப்ரா என்று தனி நாடு அறிவித்து, அதனால் மூண்ட போரில் 1970 ஜனவரியில் தோற்றுப்போன ஜனங்கள் அவர்கள். பட்டினியிலேயே பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். போர் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் கைக்கு வந்தது 20 பவுண்டு. அங்கிருந்து அவர்கள் எழுந்ததில் பங்காளிகளுக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஊரில் எத்தனையோ பள்ளிக்கூடமும் ரோடும் சங்கம் வீடு வீடாகப் பிரித்த காசில் வந்தவை. வெளிநாட்டில் ஒருவர் இறந்தால் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யத்தான் அந்தச் சாவு வரி. இதை விட்டுத் தொலை என்றால் உங்கள் கணவர் எப்படிக் கேட்பார்?

இரண்டாக உடைந்ததைப் பார்த்து நான் பெரிதாக மிரளவும் இல்லை. ‘இக்போவுக்கு ராஜா இல்லை’ என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஓனிட்ஷா மாதிரி ராஜா இருந்த சில ஊர்களை விட்டுவிட்டால், உட்கார்ந்து பேசி, கத்தி, கோபித்துக்கொண்டு எழுந்துபோய், திரும்பி வந்து முடிவெடுப்பதுதான் அங்கே காலகாலமாக நடந்தது. ஆனால் அப்படி முறுக்கிக்கொண்டு போனவர்களை இழுத்துவர வீட்டில் பெண்கள் இருந்தார்கள். குலத்தில் பிறந்து வெளியே வாழ்க்கைப்பட்ட பெண்களை உமுவாடா என்பார்கள். பிறந்த வீட்டில் சண்டை முற்றினால் கூட்டமாக வந்து இறங்குவார்கள், தீராமல் நகர மாட்டார்கள். குலத்துக்கு வந்த மருமகள்களுக்கும் தனிக் கூட்டம் உண்டு. 1929இல் வெள்ளைக்காரன் பெண்களுக்கும் வரி போடப்போகிறான் என்ற பேச்சு கிளம்பியபோது ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். ஊருக்கு ஊர் சேதி சொல்ல எண்ணெய்ப்பனை ஓலையைக் கைமாற்றி அனுப்பினார்கள். கையில் போன் வைத்திருக்கும் நீங்கள் செய்தது என்ன? பிளாக்.

உங்கள் கணவர்கூட அண்ணனோடு பேச்சை அறுத்துவிட்டதாக நீங்கள் எழுதவில்லை. அறுத்தது நீங்கள்தான். நாளைக்கு உங்கள் பையன் வளர்ந்து, தங்கையோடு ஏதோ பணத் தகராறு வந்து, அவள் நம்பரை பிளாக் செய்தால் எந்த வாயால் கேட்பீர்கள்?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பிளாக்கை எடுங்கள். எடுத்த கையோடு நீளமாக வாட்ஸ்அப் எழுதி அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். சின்னது கட்டாயம் வர வேண்டும், அது பிறந்தபோதுதானே அவர் சமைத்துக் கொண்டுவந்தார். மண்டபக் கணக்கை நீங்கள் எடுக்கவே கூடாது. அவர் எடுத்தால் ‘அதை ஆம்பிளைகள் பார்த்துக்கட்டும் அக்கா’ என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விடுங்கள். வாசலிலேயே அவர் நாலு வார்த்தை கடுமையாகக் கேட்கலாம். கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த உரிமை அவருக்கு உண்டு. அடுத்த திருவிழாவுக்குக் கிழங்கு வேகவைக்க இரண்டு கூட்டத்துப் பெண்களும் ஒரே அடுப்படியில் நிற்க வழி உண்டா என்று அவரிடமே யோசனை கேளுங்கள். அன்றைக்கே கேட்க வேண்டாம், இரண்டாவது தடவை போகும்போது.

பாத்திரத்தை நன்றாகத் தேய்த்து எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று திருநெல்வேலியில் உங்கள் அம்மா சொல்லித் தந்திருப்பார். நெய் விட்டு, முந்திரி தாராளமாகப் போட்டுச் சர்க்கரைப் பொங்கல் வையுங்கள். மூடி தொலைந்திருந்தால் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.