கேற்றடியில கேட்கிற சத்தம்

வணக்கம் அக்கா,

மூண்டு நாலு தரம் எழுதத் தொடங்கி அழிச்சிட்டன், இந்த முறை எப்படியும் அனுப்பிடுவன். எனக்கு 41 வயசு. திருகோணமலை, பாலையூற்றுப் பக்கம். அம்மாட வளவுக்குள்ளயே ஒரு சின்ன வீடு போட்டு நானும் மகளும் இருக்கிறம், முன் வீட்டில அம்மாவும் பெரியம்மாவும். கந்தோர் ஒண்டில வேலை செய்யுறன். மனிசனை விட்டிட்டு வந்து எட்டு வருசம். அப்ப மகளுக்கு ஏழு வயசு, இப்ப 15, ஓஎல் சோதினை எடுக்கப் போறாள்.

என்ர பிரச்சினை இந்த டிவி நாடகங்களும் கதைகளும்தான். இதுக்கெல்லாம் கடிதமா எண்டு நினைக்காதேங்க, எனக்கு உண்மையிலேயே ஏலாம இருக்கு.

போன கிழமை முன் வீட்டில ஒண்டு ஓடுது. புருசன் பெண்சாதிக்கு அறையுறான், அந்த ஒரு அறையை மூண்டு பக்கத்தால மூண்டு தரம் காட்டுறாங்க, இடி விழுற மாதிரி மியூசிக், அவள் கன்னத்தைப் பொத்திக்கொண்டு சாமித்தட்டுக்கு முன்னால போய் நிக்கிறாள், அடுத்த கிழமை அவனுக்கு அக்சிடென்ட், இவள் ஆஸ்பத்திரியில இரவு பகலா இருந்து கஞ்சி பருக்குறாள், அவன் அழுறான், எல்லாம் சரி. அம்மா கண்ணைத் துடைச்சுக்கொண்டு திரும்பி என்னைப் பாக்கிறா. நானும் கொஞ்சம் பொறுத்திருந்தா ஒரு அக்சிடென்ட் வந்திருக்கும் எண்ட மாதிரி ஒரு பார்வை அக்கா.

அவர் என்னை அடிச்சது ஒன்பது வருசத்தில ரெண்டு தரம். அம்மா அதைக் கணக்கு வச்சிருக்கிறா. "ரெண்டு தரம்தானே பிள்ளை" எண்டு இப்பவும் சொல்லுவா. ஆனா கடைத்துண்டில பச்சை மிளகாய் 100 கிராம் எண்டு இருந்தா வீட்டில கொட்டி எண்ணுவார். என்ர போனை அவர்தான் சார்ஜ் போடுவார். சாவியைத் தானே எடுத்து ஒளிச்சு வச்சிட்டு நான் அழுது அழுது தேடி முடிஞ்சாப் பிறகு மேசையில வச்சிட்டு "இதில தானே கிடக்கு, உனக்கு மண்டை பிழைச்சுப் போச்சு" எண்டுவார். நானும் அப்படித்தானாக்கும் எண்டு நம்பினன். பின்னேரம் அஞ்சரைக்கு முடக்கில மோட்டசைக்கிள் திரும்பேக்க எனக்கு வயித்துக்குள்ள ஒரு கை பிசையும். கேற்றடியில எஞ்சினை நிப்பாட்டி உருட்டிக்கொண்டு வந்தா நல்ல நாள். கேற்றை முன்சில்லால இடிச்சுத் தள்ளிக்கொண்டு வந்து ஸ்டாண்டை ஒரே உதையில போட்டா அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை இல்லை. இதை எந்த நாடகத்தில காட்டுவாங்க, சொல்லுங்க பாப்பம். ஒரு ஸ்டாண்ட் போடுற சத்தத்தை?

படங்களும் அப்படித்தான். பெண்சாதி வீட்டை விட்டு வெளிக்கிடுவாள், ஒரு பாட்டு வரும், பாட்டு முடியேக்க தையல் கடை, கார், கண்ணாடி எல்லாம் வந்திடும். எட்டு வருசம் ஆச்சு, இப்பவும் ஒரு மோட்டசைக்கிள் முடக்கில திரும்பினா எனக்கு கை குளிரும். அதுக்கு பாட்டு இல்லை. இன்னொண்டு, கதையில அடி வாங்கிறவள் எப்பவும் பூ மாதிரி இருக்க வேணும். நான் திருப்பிக் கத்தியிருக்கிறன், ஒருநாள் சோத்துப் பானையைத் தூக்கி முற்றத்தில எறிஞ்சிருக்கிறன். அப்ப என்னைப் பாத்து ஆர் அழுவாங்க?

இப்ப மகளும் தொடங்கிட்டாள். தமிழ்த்தினப் போட்டிக்கு சிறுகதை எழுதச் சொல்லி டீச்சர் சொல்லியிருக்கிறா, இவள் எங்கட கதையை எழுதி வச்சிருக்கிறாள், கொப்பியை நான் கண்டிட்டன். நல்லாத்தான் எழுதியிருக்கிறாள், ஆனா கடைசி வரி என்ன தெரியுமா, "அம்மா கதவைத் திறந்தாள். வெளியே வெயில். அம்மா சிரித்தாள்." எனக்கு வந்த கோவம்! அண்டைக்கு கார்த்திகை மழை அக்கா. வவுனியாவில இருந்து பஸ் ஏறி ஹொரவப்பொத்தானை தாண்டேக்க இவள் என்ர மடியில சத்தி எடுத்தாள், நான் சீலையை ஜன்னலுக்கு வெளியில பிடிச்சு மழைத்தண்ணியில கழுவினன். எங்க வெயில், ஆர் சிரிச்சது? அந்த நாடகங்களைப் பாத்துத்தான் இவளுக்கும் இந்தப் பொய் வந்திருக்கு. கொப்பியைக் கிழிச்சிட்டன். பிழைதான், தெரியும். துண்டுகளை எறியல்ல, பால்மா டின்னுக்குள்ள போட்டு அலுமாரியில வச்சிருக்கிறன்.

அதுக்குப் பிறகு எங்கட வீட்டில நாடகம் பாக்க விடுறதே இல்லை. எண்டு சொன்னாலும் பிள்ளை கேக்கிறாளா, நான் கந்தோரால வரேக்க முடக்கில ஸ்கூட்டி சத்தம் கேட்டவுடன டிவியை நிப்பாட்டிட்டு புத்தகத்தோட இருப்பாள், நான் போய் டிவிட பின்பக்கத்தைத் தொட்டுப் பாப்பன், சூடா இருக்கும், நான் ஸ்டாண்ட் போடுற சத்தத்திலயே அண்டைக்கு என்னோட கதைக்கலாமா ஏலாதா எண்டு தனக்குத் தெரியும் எண்டு பெரியம்மாட்டச் சொல்லிச் சிரிச்சாளாம், இந்த வயசுப் பிள்ளையள் அப்படித்தானே, அதை விடுங்க. நான் கேக்க வந்தது, ஏன் இந்தக் கதை எழுதுறவங்க உண்மையை எழுதுறாங்கள் இல்லை? அம்மாக்கு நான் எப்படி விளங்கப்படுத்துறது? இதுகள் என்ர காதில விழாம இருக்க நான் என்ன செய்ய?

பாலையூற்றில இருந்து ஒரு தங்கச்சி

* * *

அன்பான தங்கச்சி,

உங்கட கடிதத்தை முதல் தரம் நாடகங்களைப் பத்தின கடிதமாத்தான் வாசிச்சன். ரெண்டாம் தரம் வாசிக்கேக்க "அதை விடுங்க" எண்டு எழுதியிருக்கிறீங்களே, அந்த இடத்தில நிண்டிட்டன். என்னால அதை விட ஏலாது. குறை நினைக்காதேங்க, மற்றக் கேள்வியளுக்கு சுருக்கமா சொல்லிட்டு அங்கதான் வரப்போறன்.

நாடகங்களைப் பத்தி நீங்க சொன்னது பெரும்பாலும் சரி. அறையைத்தான் படம் பிடிக்கலாம், மிளகாய் எண்ணுறதைப் பிடிச்சா பாக்கிறவைக்கு அது கொடுமையாத் தெரியாது எண்டு எடுக்கிறவங்க நினைக்கிறாங்க. அதால அம்மா மாதிரி ஆக்களுக்கு கொடுமை எண்டா கன்னத்தில விழுறது மட்டும்தான் எண்டு பதிஞ்சு போச்சு. எங்கட நாட்டுச் சட்டம் அம்மாட கணக்கை விடப் பெரிசு. 2005 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடம்பில அடிக்கிறதை மட்டும் சொல்லல்ல, ஒராளைத் தொடர்ந்து கேவலப்படுத்தி மனசை நோகடிக்கிற கடுமையான கொடுமையையும் வீட்டு வன்முறையாத்தான் பாக்குது. அம்மாட்ட அடுத்த தரம் "ரெண்டு தரம்தானே" எண்டு வந்தா அடியைப் பத்திக் கதைக்காதேங்க. அந்தச் சாவிக் கதையைச் சொல்லுங்க, இதுவரை அவவிட்டச் சொல்லியிருக்க மாட்டீங்க எண்டு நினைக்கிறன்.

அந்தச் சாவிக் கதைக்கு ஒரு பேர் இருக்கு, அதைத் தந்ததே ஒரு நாடகம்தான். 1938 இல லண்டன்ல மேடையேறின "காஸ் லைட்" எண்ட நாடகம், பற்றிக் ஹமில்டன் எழுதினது. புருசன் மேல் மாடியில களவா காஸ் விளக்கைக் கொளுத்துவான், அப்ப பெண்சாதி இருக்கிற அறையில வெளிச்சம் மங்கும், அவள் மங்குது எண்டு சொன்னா உனக்குப் பைத்தியம் எண்டுவான். 1944 இல அது இங்க்ரிட் பேர்க்மன் நடிச்ச படமாவும் வந்து பேர் எடுத்தது. இண்டைக்கு நாங்க ஆலோசனையில "காஸ்லைட்டிங்" எண்டு சொல்லுறது அங்க இருந்து வந்த சொல். உங்களைப் போல எத்தினையோ பொம்பிளையள், எனக்கு மண்டை பிழைக்கல்ல, இது எனக்குச் செய்யப்பட்டது எண்டு விளங்கிக்கொண்டது அந்த ஒரு சொல்லால. எழுதுறவங்க எல்லாரும் பொய்தான் எழுதுறாங்க எண்டு நான் ஒத்துக்கொள்ள மாட்டன் தங்கச்சி.

ஆனா ஒரு விசயத்தில உங்கட கோவம் முழுக்க நியாயம். கதையள் கேற்றோட முடிஞ்சிடும். திருகோணமலைக்காரிக்கு நான் சொல்லத் தேவையில்லை, கோணேசர் கோயில் மலையில ஒல்லாந்துக்காரப் பிள்ளை ஒண்டு, பிரான்சினா, கைவிட்டுட்டுக் கப்பல்ல போன காதலனைப் பாத்துக்கொண்டே பாஞ்சவள் எண்டு எல்லாருக்கும் சொல்லுறாங்களே, 1687 எண்டு வருசமும் சொல்லுவாங்க. ஒல்லாந்தர்ட பழைய பதிவுகளைப் பாத்தவை சொல்லுறது வேற. அந்தப் பிள்ளை உயிரோட இருந்து எட்டு வருசத்தால கலியாணம் கட்டியிருக்கிறாள். மலைக்குப் பேர் வந்தது அந்த ஒரு நாளால, அந்த எட்டு வருசம் அவள் எப்படிச் சாப்பிட்டாள், எப்படி நித்திரை கொண்டாள் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. நீங்களும் எட்டு வருசம் எண்டு எழுதியிருக்கிறீங்க. நீங்க கேக்கிற கதை அதுதான், எனக்கு விளங்குது.

இப்ப அந்தக் கதைக்குள்ள போவம்.

அடிச்சவர் இல்லாத வீட்டிலயும் கை குளிருறது உங்கட பலவீனம் இல்லை. நீண்ட காலம், தப்பிப் போக வழியில்லாம, ஒராளுக்குப் பயந்து பயந்து இருந்தவங்கட நிலைமை ஒரு நாள் விபத்தில பயந்தவங்கட நிலைமையை விட வேற மாதிரி எண்டு 1992 இலயே ஜூடித் ஹேர்மன் எண்ட மனநல மருத்துவர் எழுதினா. உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி நோயா தங்கட பட்டியல்ல சேர்த்து, 2022 இல இருந்துதான் அது நடைமுறைக்கு வந்தது. அதில பழைய பயம் திரும்பத் திரும்ப வாறது மட்டும் இல்லை, கோவத்தை அடக்க ஏலாம வாறது, தன்னைப் பத்தியே கீழா நினைக்கிறது, நெருக்கமான ஆக்களோட ஒட்டி இருக்க ஏலாம போறது எல்லாம் வரும். உங்களுக்கு அந்த நோய் எண்டு ஒரு கடிதத்தை வச்சு நான் சொல்ல மாட்டன், அது நேரில பாத்துச் சொல்ல வேண்டியது. ஆனா இதை வாசிக்கேக்க சோத்துப் பானையும் கிழிஞ்ச கொப்பியும் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

தங்கச்சி, நீங்க டிவிட பின்பக்கத்தைத் தொட்டுப் பாக்கிறீங்க. அவர் மிளகாயைக் கொட்டி எண்ணினார். உங்கட மகள் முடக்கில ஸ்கூட்டி திரும்பேக்க டிவியை நிப்பாட்டுறாள், நீங்க ஸ்டாண்ட் போடுற சத்தத்தை வச்சு இண்டைக்கு எப்படி நாள் எண்டு அளக்கிறாள். இதை எந்த நாடகத்தில காட்டுவாங்க எண்டு கேட்டீங்களே, அதே சத்தம் உங்கட முற்றத்தில கேக்குது, அதை நீங்களே "இந்த வயசுப் பிள்ளையள் அப்படித்தானே" எண்டு ஒரு வரியில தள்ளிட்டுப் போயிட்டீங்க. பெரியம்மாட்ட அவள் சிரிச்சுக்கொண்டு சொன்னாள் எண்டு எழுதியிருக்கிறீங்க. நீங்களும் அந்தக் காலத்தில அக்கம்பக்கத்துக்கு சிரிச்சுக்கொண்டுதானே சொல்லியிருப்பீங்க?

இது உங்களுக்கு நோகும் எண்டு தெரிஞ்சுதான் எழுதுறன். நீங்க அவர் இல்லை. அவர் எப்பவாவது பிழை எண்டு ஒத்துக்கொண்டாரா? நீங்க பிழைதான் எண்டு எழுதினீங்க, கொப்பித் துண்டுகளை எறிய மனம் வராம வச்சிருக்கிறீங்க. அது எனக்குப் பெரிய நம்பிக்கை. ஆனா அவள்ட காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, ஏனெண்டா அந்தக் காது பழகினது உங்களிட்ட இல்லை. ஏழு வயசு வரைக்கும் அந்த வீட்டில அந்த மோட்டசைக்கிளை அவளும்தான் கேட்டவள். உங்கட கடிதத்தில முதல் பாதி முழுக்க அந்த வீட்டில நீங்களும் அவரும் மட்டும்தான் இருக்கிறீங்க, பிள்ளை பஸ்ஸில சத்தி எடுக்கேக்கதான் வாறாள். நாடகம் எழுதுறவங்க உங்கட எட்டு வருசத்தை விட்டிட்டாங்க எண்டு கோவப்படுறீங்க, நீங்க அவள்ட ஏழு வருசத்தை விட்டிட்டீங்க.

கதைக்கு வாறன். "அம்மா சிரித்தாள்" எண்டதை நீங்க பொய் எண்டு வாசிச்சீங்க. மழை பெய்தது அவளுக்குத் தெரியாமலா? உங்கட மடியில சத்தி எடுத்தவளே அவள்தான். எட்டு வருசமா அவள் பாத்துக்கொண்டிருக்கிற முகம் உங்கட முகம் ஒண்டுதான், அந்த முகத்தில என்ன வர வேணும் எண்டு அவள் கேக்கிறாளோ அதைக் கடைசி வரியில எழுதி வச்சிட்டாள். நாடகத்தில இருந்து களவெடுத்த முடிவா எனக்கு அது தெரியல்ல. 15 வயசுப் பிள்ளை அம்மாட்ட நேர கேக்கப் பயந்து கொப்பியில எழுதினது. அதைத்தான் கிழிச்சீங்க.

உதவி கேக்கிறது வெக்கம் இல்லை. அரசாங்கப் பெரியாஸ்பத்திரியளில "நட்பு நிலையம்" எண்டு ஒண்டு இருக்கு, சிங்களத்தில மித்துரு பியச எண்டுவாங்க, வீட்டு வன்முறையால பாதிக்கப்பட்டவங்களுக்கு எண்டே வச்சது, எட்டு வருசம் கழிஞ்சு போனாலும் போகலாம். நேர போக மனமில்லாட்டி முதல்ல மனநலத்துக்கு 1926, பெண்களுக்கான உதவிக்கு 1938, ரெண்டு நம்பரில எதுக்கும் போன் எடுக்கலாம். மகளையும் கூட்டிக்கொண்டு போங்க, ஆனா அவளைத் திருத்தக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிட வேண்டாம். எனக்கு உதவி வேணும், நீயும் வாறியா எண்டு கேளுங்க. நாடகத்தடையையும் எடுத்து விடுங்க, அவள் பாக்கட்டும். விரும்பினா பக்கத்தில இருந்து பாருங்க, அந்த அறை மூண்டு தரம் விழேக்க உங்களுக்கு என்ன தோணுது எண்டு அவளுக்குச் சொல்லுங்க. அவளுக்கு என்ன தோணுது எண்டும் கேளுங்க, அவளிட்ட உங்களை விடக் கனக்க இருக்கும்.

அந்தப் பால்மா டின்னை அலுமாரியில இருந்து எடுங்க. மன்னிப்புக் கேக்க வசனம் யோசிக்கத் தேவையில்லை, டின்னை அவள்ட மேசையில வச்சிட்டு, உன்ர கதையை நான் கிழிச்சிட்டன், எனக்கு அந்தக் கடைசி வரியைத் தாங்க ஏலாம போச்சு எண்டு மட்டும் சொல்லுங்க. செலோடேப் ஒண்டு வாங்கி வையுங்க. ஒட்டுறதா இல்லையா எண்டு அவள்தான் சொல்ல வேணும். வெயிலை மழையாக்கச் சொல்லாதேங்க. அவளாக் கேட்டா மட்டும் அந்தப் பஸ்ஸைப் பத்தி, சீலையை மழையில கழுவினதைப் பத்திச் சொல்லுங்க.

பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்க, நீங்க ஸ்கூட்டியில வந்து இறங்கேக்க டிவி ஓடிக்கொண்டிருந்த முதல் நாள் எப்ப எண்டு.

அன்புடன்,
அக்கா