மகள் டெக்சாஸில், பெற்றோர் கலிபோர்னியாவில்: கருத்தடை மாத்திரைக்கு யார் கையெழுத்துப் போடுவது?

கேள்வி: எங்கள் மகளுக்கு 16 வயது. வேலை மாற்றத்தால் நாங்கள் கலிபோர்னியாவுக்கு வந்துவிட்டோம். பள்ளி முடியும்வரை அவள் ஹூஸ்டனில் என் தங்கை வீட்டில் இருக்கிறாள். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம் என்பதால் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மத்திய அரசு நிதியில் நடக்கும் கிளினிக்குக்குத் தங்கை அவளைக் கூட்டிப்போனாள். பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கலிபோர்னியாவில் இப்படிக் கேட்பதில்லையே? சித்தி கையெழுத்துப் போட்டால் செல்லாதா?

பதில்: கிளினிக் சொன்னது சரிதான். பணம் வாஷிங்டனிலிருந்து வந்தாலும் உங்கள் மகள் சிகிச்சை பெறுவது டெக்சாஸில். அங்கே 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கருத்தடை மருந்து எழுதப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ரத்தப்போக்குக்காகத்தான் மாத்திரை என்றாலும் விதி மாறாது.

உங்கள் குழப்பம் நியாயமானது. 1970-இல் தொடங்கிய ‘டைட்டில் டென்’ என்ற மத்திய அரசுக் குடும்பநலத் திட்டத்தின்கீழ், டெக்சாஸிலும் பதின்வயதினர் பெற்றோருக்குத் தெரியாமலே கருத்தடைச் சேவை பெற்றுவந்தார்கள். குடும்பத்தினரின் பங்கேற்பை ஊக்குவிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், சம்மதத்தைக் கட்டாயமாக்கக் கூடாது என்பது 2021 விதிமுறை. இதை எதிர்த்து டெக்சாஸில் ஒரு தந்தை வழக்குப் போட்டார். 2022 டிசம்பரில் நீதிபதி மாத்யூ கக்ஸ்மாரிக் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2024 மார்ச்சில் டெக்சாஸும் அடங்கிய ஐந்தாவது வட்டாரத்தின் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், மாநிலத்தின் சம்மதச் சட்டத்தை டைட்டில் டென் மீற முடியாது என்று உறுதி செய்தது. ஆனால் 2021 விதிமுறையை ரத்து செய்ய மறுத்தது. கலிபோர்னியாவிலோ மாநிலச் சட்டமே சிறார்கள் தாங்களாகக் கருத்தடைக்குச் சம்மதிக்கலாம் என்கிறது.

டெக்சாஸ் சட்டத்தில் வருத்தம் தரும் ஒரு முரணும் உண்டு. 16 வயதுப் பெண் கர்ப்பமாக இருந்தால் கர்ப்பகாலச் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம். குழந்தை பிறந்தபின் அதன் சிகிச்சைக்கும் அவளே கையெழுத்துப் போடலாம். அடுத்த கர்ப்பத்தைத் தடுக்க மட்டும் அவளுடைய பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

இப்போது தங்கை விஷயம். சித்தி, மாமா, பாட்டி போன்ற உறவினர்கள் சம்மதம் தரலாம்தான். ஆனால் பெற்றோரைத் தொடர்புகொள்ள முடியாதபோது மட்டுமே. நீங்கள் போனில் கிடைப்பவர்கள் என்பதால் அந்த வழி உதவாது. மகளைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் தங்கைக்கு, சிகிச்சைக்குச் சம்மதிக்கும் அதிகாரத்தை நீங்கள் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பள்ளி முடியும்வரை பயன்பட வேண்டுமானால், உறவினர் பராமரிப்புக்கென டெக்சாஸில் உள்ள ஒப்புதல் படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்புவது நல்லது.

இந்த ஒரு முறைக்கு மட்டும் போதுமென்றால் நீங்களே சம்மதக் கடிதம் அனுப்பலாம். மகள் பெயர், பெற்றோர் பெயர், கையெழுத்திடுபவர் யார், அவளுக்கு என்ன உறவு, என்ன சிகிச்சை, எந்தத் தேதியில் தொடங்குகிறது: இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். கடிதங்கள் திரும்பிவருவது பெரும்பாலும் ‘என்ன சிகிச்சை’ என்ற இடத்தில்தான். “மருத்துவச் சிகிச்சைக்குச் சம்மதம்” என்று மொட்டையாக எழுதாதீர்கள். “அதிக ரத்தப்போக்குக்கு ஹார்மோன் கருத்தடை மாத்திரை, அதற்கான பரிசோதனைகள், தேவைப்பட்டால் மாத்திரையை மாற்றுதல்” என்று விளக்கமாக எழுதுங்கள். மின்னஞ்சலில் வரும் பிரதியை ஏற்பார்களா என்று கிளினிக்கிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டும் தேவைப்படும்: குடும்ப வருமானம் மத்திய வறுமைக் கோட்டுக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, அதன் 250 சதவீதம்வரை சலுகைக் கட்டணம். தனியார் காப்பீட்டைப் பயன்படுத்தினால், பெற்ற சேவையின் விவரம் காப்பீட்டுதாரரின் முகவரிக்கு வரும். இதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருத்துவரிடம் அவள் சிறிது நேரம் தனியாகப் பேசட்டும். ஒற்றைத் தலைவலியின்போது கண்முன் ஒளிக்கீற்று தெரிகிறதா, புகைக்கிறாளா, குடும்பத்தில் ரத்தக்கட்டு வந்ததுண்டா என்பதற்கெல்லாம் உண்மையான பதில் கிடைக்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை அவளுக்கு ஒத்துவருமா என்பது அதில்தான் தெரியும். ரத்த அழுத்தம் பார்ப்பது அவசியம். மாத்திரை தொடங்கப் பிறப்புறுப்பு வழியான உள்பரிசோதனை தேவையில்லை. அந்தப் பயத்திலேயே பல பெண்கள் போகாமல் இருந்துவிடுகிறார்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), ரத்தம் உறைதல் குறைபாட்டுக்கான சோதனை ஆகியவற்றை மாத்திரை தொடங்குமுன் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் சில உறைதல் காரணிகளை உயர்த்திவிடுவதால், பிறகு பார்த்தால் குறைபாடு மறைந்துபோகலாம்.

‘ஓபில்’ என்ற கருத்தடை மாத்திரைக்கு மருந்துச் சீட்டோ வயது வரம்போ இல்லை; 2023-இல் அனுமதி கிடைத்தது. கருத்தடைக்கு அது நல்லது. உங்கள் மகளின் பிரச்சினைக்கு அதை நம்பாதீர்கள்: இடையிடையே ரத்தக்கசிவு வருவது அதன் வழக்கமான பக்கவிளைவு.

கையெழுத்து போய்ச் சேருவதற்குள் மணிக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து சில மணி நேரம் நனைந்தாலோ, தலைசுற்றல், மயக்கம் வந்தாலோ தங்கை அவளை நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே பெற்றோர் கையெழுத்துக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்க மாட்டார்கள்.