வாசகர் கேள்வி: அல்ஃபெரெஸ் எப்படிக் கீழ்ப்படிக்கு வந்தார்?

கேள்வி: ஸ்பானிய, போர்ச்சுகீசியத் தரைப்படைகளில் 'அல்ஃபெரெஸ்' என்பவர் இளநிலை அதிகாரி. இடைக்கால வரலாற்றிலோ அதே பெயரில் அரசருக்கு மிக நெருக்கமான பிரபுக்கள் வருகிறார்களே?

பதில்: இரண்டும் ஒரே பதவிதான். அது தாழ்ந்ததற்குக் காரணம் கொடிகள் பெருகியதே. தொடக்கத்தில் நாட்டுக்கு ஓர் அரசக்கொடி, அதை ஏந்த ஓர் அல்ஃபெரெஸ். காஸ்டில் (இன்றைய ஸ்பெயினின் பகுதியாக உள்ள அன்றைய அரசு) மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவின் 13-ஆம் நூற்றாண்டுச் சட்டத்தொகுப்பின்படி, அரசர் போருக்குப் போனால் இவர் கொடி பிடிக்க வேண்டும். போகாவிட்டால் படையையே நடத்த வேண்டும். 1382-இல் காஸ்டிலிலும் போர்ச்சுகலிலும் 'கான்ஸ்டபிள்' (காவலர் அல்ல, அரசரின் படைத்தலைவர்) பதவி உருவாகி, படைத்தலைமை அங்கே போய்விட்டது. கொடி மட்டும் மிஞ்சியது. 1476-இல் காஸ்டிலோடு நடந்த தோரோ போரில் போர்ச்சுகலின் துவார்த்தே தெ அல்மெய்தா இரு கைகளும் வெட்டுண்ட பிறகும் கொடியைப் பல்லால் கவ்வினார் என்பார்கள். அப்பதவியின் பெருமை அத்தகையது.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் 'தெர்சியோ' காலாட்படை வந்தது. அதில் கம்பெனிக்கு (ஒரு கேப்டனின் கீழுள்ள படைப்பிரிவு) ஒரு கொடி. ஆகவே கம்பெனிக்கு ஓர் அல்ஃபெரெஸ். வரிசையில் கேப்டன், அடுத்து இவர், பிறகு சார்ஜென்ட். அணிவகுப்புப் பயணத்தில் கொடியைச் சுமக்க இவருக்கு ஒரு பையன் உண்டு. சண்டை தொடங்கியதும் இவரே வாங்கிக்கொள்வார். கேப்டன் இல்லாதபோது கம்பெனி இவர் பொறுப்பு. பிற்காலத்தில் கொடி பிடிக்கும் வேலை சுருங்கியும் பதவி அழியாமல் நின்றது இந்தத் துணைப்பொறுப்பால்தான் என்பது என் கணிப்பு.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் ஃபெலிப்பே பிரெஞ்சு முறையைப் புகுத்தியதும், காலாட்படையில் அல்ஃபெரெஸுக்குப் பதில் 'சுப்தெனியெந்தே' என்ற பெயர் வந்தது. குதிரைப்படை பழைய பெயரை விடவில்லை; பின்னர் அது மீண்டும் பொதுப்பெயராயிற்று. 1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் தளபதி ஃபிராங்கோவின் கிளர்ச்சித் தரப்பு, படித்த இளைஞர்களுக்குச் சில வாரப் பயிற்சி கொடுத்துத் 'தற்காலிக அல்ஃபெரெஸ்' ஆக்கிக் களத்துக்கு அனுப்பியது. அவர்களில் மாண்டோர் மிகப் பலர்.

கேள்வி: சின்னத்தை வைத்து எப்படி அடையாளம் காண்பது?

பதில்: ஸ்பெயின் தரைப்படையில் அல்ஃபெரெஸுக்கு ஆறுமுனை நட்சத்திரம் ஒன்று, லெப்டினன்ட்டுக்கு இரண்டு, கேப்டனுக்கு மூன்று. போர்ச்சுகலில் நட்சத்திரத்துக்குப் பதில் பட்டை. எண்ணிக்கை அதே 1, 2, 3. பலரும் தவறுவது ஸ்பானியக் கடற்படையில். அங்கே 'அல்ஃபெரெஸ் தெ ஃபிரகாத்தா'தான் தரைப்படை அல்ஃபெரெஸுக்குச் சமம். 'அல்ஃபெரெஸ் தெ நாவியோ' தரைப்படை லெப்டினன்ட்டுக்குச் சமம். பெயரின் பின்பாதியையும் படித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.