மீன் செத்தது உண்மை, கொன்றது யார்?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் அப்பா காலத்திலிருந்து மூன்று மீன் குளங்கள் வைத்திருக்கிறோம். சுங்கை ஜூரு ஆற்றில் போய்ச் சேரும் கால்வாயிலிருந்துதான் தண்ணீர். மூன்று மாதத்துக்கு முன் ஒரே இரவில் திலாப்பியா மீன் எல்லாம் செத்து மிதந்தன. அவற்றைப் புதைத்து, குளத்தை இறைத்து, சுண்ணாம்பும் போட்டுவிட்டோம். மேலே இருக்கும் தொழிற்சாலைதான் காரணம். கேட்கப் போன அப்பாவை மேனேஜர் கேவலமாகப் பேசி விரட்டினார். இப்போது 12,000 வெள்ளி (ரிங்கிட்) தருகிறோம், கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். நஷ்டம் 40,000. வழக்குப் போடட்டுமா?

பதில்: மேனேஜர் பேசியது வழக்குக்கு உதவாது. அந்த ஆலை வருடக்கணக்கில் கழிவுநீர் விடுகிறது என்று ஊரே சொல்வதும் உதவாது. அன்றிரவு உங்கள் குளத்துக்குள் வந்து மீனைக் கொன்றது அந்த ஆலையின் நீர்தான் என்பதற்கு என்ன சாட்சி? நீதிமன்றம் இதைத்தான் கேட்கும். நீங்களோ செத்த மீனைப் புதைத்து, குளத்தை இறைத்து, சுண்ணாம்பும் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இருந்த சாட்சி அத்தோடு போயிற்று.

இதே நிலையில் ஒருவர் என்னிடம் வந்தார். மூன்று மினரல் வாட்டர் போத்தல்களில் கறுப்புத் தண்ணீர், ஐந்து வாரம் வீட்டு ஐஸ்பெட்டியில் இருந்தது. எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள் என்று ஒரு குறிப்பும் இல்லை. நான் தடுத்தும் கேட்காமல் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் போத்தலைத் தொடவே இல்லை. "இரவில் பாசியும் ஆக்சிஜனை இழுக்கும், விடியும் முன் குளத்தில் அது ரொம்பக் குறையும், மீன் நெருக்கமாக இருந்து தீனியும் மிஞ்சினால் வெளியிலிருந்து எதுவும் வராமலே மொத்தமும் சாகும், சரிதானே?" என்று கேட்டார். இருபது வருடம் மீன் வளர்த்தவர், பொய் சொல்ல வரவில்லை. "ஆமாம்" என்றார். வழக்கும் போயிற்று, எதிர்த்தரப்பின் செலவுத்தொகையும் அவர் தலையில் விழுந்தது.

சுங்கை ஜூருவின் அழுக்கு ஊரறிந்தது. கோலா ஜூரு மீனவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தோடு சேர்ந்து 1970களிலேயே போராடினார்கள். அதை உங்கள் பலம் என்று நினைக்காதீர்கள். மேலே பத்துப் பேர் கழிவு விடும் ஆற்றில், செய்தது இன்னார்தான் என்று நிரூபிப்பது இன்னும் கடினம்.

1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை 2024இல் திருத்தி, அபராதத்தை 10 மில்லியன் வெள்ளி வரை உயர்த்தியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். உங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே பிடி, அந்த வாரம் சுற்றுச்சூழல் இலாகா அதிகாரிகள் ஆலையின் வாய்க்காலில் மாதிரி எடுத்தார்களா என்பது. எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் வழக்கு வேண்டாம், சமரசத்துக்குப் போங்கள். வழக்குப் போட ஆறு வருடம் இருக்கிறது. சாட்சி ஒரு வாரம்கூட இருக்காது, உங்களிடம் அது இப்போதே இல்லை.

பணத்தை விட எனக்குப் பயம் அந்தக் கடிதத்தில்தான். "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வரியோடு, இனி வரும் காலத்துக்கும் சேர்த்துக் கோரிக்கையை விட்டுக்கொடுக்கும் வரி பெரும்பாலும் இருக்கும். குளமும் அங்கேயே, கால்வாயும் அங்கேயே. அடுத்த வருடம் மீண்டும் செத்தால் கேட்க வாய் இருக்காது. அந்தத் தேதியில் நடந்த சம்பவத்துக்கு மட்டும் என்று திருத்தச் சொல்லுங்கள். மீன் செத்தது உங்கள் பராமரிப்புக் குறையால் என்ற வாசகம் இருந்தால் அடியுங்கள். இலாகாவிடம் புகார் செய்ய மாட்டோம் என்ற வரியை எந்தத் தொகைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். குற்றத்தை மறைக்கக் காசு வாங்கினால் மாட்டுவது நீங்கள்தான்.

மீன்குஞ்சு, தீனி வாங்கிய ரசீதுகளோடு போய் 20,000 கேளுங்கள். ரசீது இல்லாத 40,000ஐ எந்த நீதிபதியும் தரமாட்டார். 15,000க்கு இறங்கி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு முறை கால்வாயில் நாற்றம் மாறினால் அந்த இரவே இலாகாவை அழையுங்கள். அவர்கள் வந்து மாதிரி எடுக்கும் வரை குளத்தை இறைக்காதீர்கள். செத்த மீனில் பத்தை ஐஸில் போட்டு வையுங்கள்.