வீணையும் வேண்டும், கோவாவும் வேண்டும்

கேள்வி: எனக்கு 43 வயது. சென்னையில் ஐ.டி. வேலை. சில வருடங்களாக ட்ரையத்லான் செய்கிறேன். போன முறை கோவா அயர்ன்மேன் 70.3 போட்டியை 7 மணி 10 நிமிடத்தில் முடித்தேன், இந்த முறை ஆறரை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று வாரம் 12 மணி நேரம் பயிற்சி எடுக்கிறேன். கல்யாணத்துக்கு முன் பத்து வருடம் வீணை கற்றவள். அப்பா வாங்கிக் கொடுத்த வீணை இருபது வருடம் உறைக்குள்ளேயே கிடந்தது, இந்தச் சித்திரையில்தான் மறுபடி எடுத்தேன். டீச்சர் தினமும் ஒரு மணி நேரம் சாதகம் பண்ணச் சொல்கிறார். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால் தூங்கி விழுகிறேன். லாங் ரைடு போய் வந்தால் வலது சுண்டுவிரல் மரத்துப்போகிறது. நவராத்திரிக்குக் கோயிலில் வாசிக்க வேண்டுமாம், அது முடிந்து சில வாரத்தில் போட்டி. ஞாயிறு சாயங்காலம் வீணை க்ளாஸ் என்றதும் வீட்டுக்காரர் ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்கிறார். ஏதாவது ஒன்றை விட்டுவிடட்டுமா?
– வாசகி, சென்னை

பதில்: விட வேண்டாம். ஒரே காலையில் நீந்தி, சைக்கிள் மிதித்து, அப்புறம் ஓடவும் செய்கிற ஒருவரிடம் போய் ஆறு, சேறு என்று கணக்குச் சொல்கிறாரே உங்கள் வீட்டுக்காரர்! ஆனால் அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வரி: 70.3 என்பது மைல் கணக்கு. 1.9 கி.மீ. கடலில் நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், நடுவில் ஓய்வு கிடையாது, பொதுவாக எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 7.10-ல் முடித்தவருக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் கையிருப்பு இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், இதை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

நீங்கள் செய்வது என்னவென்றால், ஒவ்வொரு நாளையும் இரண்டுக்கும் பங்கு போடப் பார்க்கிறீர்கள். காலை நாலு மணிக்கு எழுந்து பூல், பிறகு வேலை, வீடு, பையனோ பெண்ணோ அவர்களுடைய படிப்பு, எல்லாம் முடிந்து மிச்சம் மீதி இருக்கிற ராத்திரி பத்து மணியை வீணைக்குக் கொடுக்கிறீர்கள். அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் ஏறாது. பங்கு போட வேண்டியது வருடத்தை. அதிலும் சென்னையில் இருக்கிறீர்கள், இந்த ஊரின் மழையும் வெயிலும் கச்சேரிகளும் சேர்ந்து பாதி வேலையை உங்களுக்காக முடித்து வைத்திருக்கின்றன.

பாருங்கள். கோவா போட்டி அக்டோபரிலோ நவம்பரிலோ வரும். அது முடிந்து நீங்கள் ஊர் திரும்பும்போது இங்கே வடகிழக்குப் பருவமழை. ஈ.சி.ஆரில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறீர்கள்? உடம்பும் அப்போது ஓய்வு கேட்கும், எந்தக் கோச்சும் போட்டிக்கு அடுத்த வாரங்களில் முழுப் பயிற்சி கொடுக்க மாட்டார். அதோடு மார்கழி வந்துவிடுகிறது, ஊர் முழுக்கக் கச்சேரி, மதிய நேரத்தில் இளம் கலைஞர்கள் வாசிக்கிற பல கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆக, போட்டி முடிந்ததிலிருந்து பொங்கல் வரை வீணைக் காலம். அந்த மாதங்களில் ஓட்டம், நீச்சல், சைக்கிள் மூன்றும் சேர்த்து வாரம் நாலைந்து மணி நேரம் போதும், புதுக் கீர்த்தனை, புது ராகம் எல்லாம் அப்போது கற்றுக்கொள்ளுங்கள், டீச்சர் கேட்ட ஒரு மணி நேரத்தை, முடிந்தால் அதற்கு மேலும், அப்போது கொடுங்கள். ஜனவரி தொடக்கத்தில் வருகிற சென்னை மராத்தானுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி உங்கள் ஓட்டக் குழு வாட்ஸ்அப்பில் நச்சரிக்கும். மசியாதீர்கள்.

தை பிறந்து கத்திரி வெயில் முடியும் வரை இரண்டும் சமமாக ஓடட்டும். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கு மேல் சென்னையில் சைக்கிள் ஓட்டுவது வீரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. ஆனியிலிருந்து போட்டி வரை ட்ரையத்லான் காலம், அதாவது இப்போது நீங்கள் இருப்பது. இந்தக் காலத்தில் வீணையில் புதிதாக எதையும் பிடிக்க வேண்டாம், இருப்பது கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உடம்பும் கையும் இதற்கு ஒத்துழைக்கும். ஒரு திறனை வளர்ப்பதற்கு ஆகிற உழைப்பில் பாதிகூட அதைக் காப்பாற்றுவதற்கு ஆகாது. ஓடுகிற தூரத்தைக் குறைத்தாலும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வேகமாக ஓடினால் தம் அவ்வளவு சீக்கிரம் இறங்குவதில்லை. வீணையும் அப்படித்தான், ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சைக்கிளை வாரக் கடைசியில் மொத்தமாக நாலு மணி நேரம் ஓட்டலாம், வீணையை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக நாலு மணி நேரம் வாசித்தால் விரல்தான் புண்ணாகும். அதற்குத் தினமும் கொஞ்சம் வேண்டும். இருபது நிமிடம் போதும், ஆனால் முழித்திருக்கிற இருபது நிமிடமாக இருக்க வேண்டும். ஆபீஸிலிருந்து வந்ததும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், செல்போனை இன்னொரு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். பத்து மணிக்குத் தூங்கிவிடுங்கள். ஓடிய காலுக்கு மட்டுமல்ல, அன்று பழகிய பிடி மறுநாள் கையில் நிற்பதற்கும் அந்தத் தூக்கம்தான் வேண்டும்.

தினமும் ஒரு மணி நேரம் என்று சொன்ன டீச்சரிடம் போட்டித் தேதியைச் சொன்னீர்களா? கடிதத்தைப் படித்தால் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. ‘டீச்சர், நவம்பர் வரைக்கும் இருபது நிமிஷம்தான் முடியும், அப்புறம் பொங்கல் வரைக்கும் நீங்க சொல்ற அளவுக்கு உட்காருறேன்’ என்று நேராகச் சொல்லிவிடுங்கள். நாற்பதைத் தாண்டிய சிஷ்யைக்கு வேறு வேலைகளும் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததா? நவராத்திரிக் கோயில் வாசிப்புக்கும் சம்மதியுங்கள், மறுக்க வேண்டாம். ஆனால் சின்ன வயதில் கற்று, தூக்கத்தில் எழுப்பினாலும் வருகிற ஒரு வர்ணமும் ஒரு கீர்த்தனையும் மட்டும். பயிற்சி உச்சத்தில் இருக்கிற வாரங்களில் புதிதாக ஒன்றைக் கற்று மேடையேறுவது தேவையில்லாத தலைவலி. அப்புறம், சரஸ்வதி பூஜை அன்று வீணையும் பூஜையில், ஆயுத பூஜை என்று சைக்கிளும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு பூஜையில். வருடத்தில் அந்த ஒரு நாளாவது இரண்டும் உங்களை விட்டுவிடும், வீட்டில் சுண்டல் செய்து சாப்பிடுங்கள்.

இனி சுண்டுவிரல். இதைத்தான் கடிதத்திலேயே முக்கியமான வரியாக நான் பார்க்கிறேன். ஹேண்டில்பாரில் மணிக்கணக்காக உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தால், மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் போகிற நரம்பு நசுங்கும். சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போவது சைக்கிள்காரர்களிடம் சாதாரணமாகப் பார்க்கிற தொல்லை. மற்றவர்களுக்கு அது தொல்லை மட்டும்தான், உங்களுக்கோ வலது சுண்டுவிரல் தாளம் போடுகிற விரல். வீணையின் ஏழு தந்தியில் பக்கவாட்டில் இருக்கிற மூன்று தாளத் தந்திகளையும் மீட்டுவது அது. அந்த விரலில் உணர்வு போனால் எல்லாமே தடுமாறும். சைக்கிளை உங்கள் உடம்புக்கு ஏற்றபடி சரிசெய்து கொடுக்கிற பைக் ஃபிட்காரரிடம் போய், கைமேல் எவ்வளவு எடை விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், பல சமயம் சீட்டின் உயரமும் சாய்வும்தான் காரணமாக இருக்கும். ஜெல் வைத்த கையுறை போடுங்கள், சில நிமிடத்துக்கு ஒரு முறை கைவைக்கும் இடத்தை மாற்றுங்கள். ஏரோ பார் போட்டால் எடை முன்னங்கைக்குப் போய்விடும், உள்ளங்கை தப்பிக்கும். ரைடு முடிந்து சில மணி நேரத்தில் மரத்தல் போகவில்லை, அல்லது பிடியில் பலம் குறைந்தது என்றால் தள்ளிப் போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

இடது கைக்கு வேறு சங்கடம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி பட்டுப் பட்டுக் காய்ப்பு ஏற வேண்டும், இருபது வருட இடைவெளியில் அது போயிருக்கும், மறுபடி வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும். நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம் ஊறிய விரலோடு வந்து கமகத்துக்காக, அதாவது ஸ்வரத்தை அசைப்பதற்காக, தந்தியை இழுத்தால் அது தோலை அறுக்கும். வலது கை நகமும் ஊறினால் மெத்தென்று ஆகிவிடும், மீட்டும்போது உடையும். அதனால் காலையில் நீச்சல், மாலையில் வீணை. அடுத்தது லாங் ரைடு நாள். 90 கி.மீ. மிதித்துவிட்டு வந்து, இடுப்பும் தொடையும் இறுகிப்போன நிலையில் சம்மணம் போட்டு, இடது தொடைமேல் சுரைக்குடுக்கையையும் தாங்கிக்கொண்டு உட்கார்வது உங்கள் முட்டிக்குச் செய்கிற துரோகம். அன்று வீணையைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் கெட்டியான ஒரு தலையணையை மடித்துப் போட்டு, இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள்.

இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடிகிற ஒரே இடம் மெதுவான ஓட்டம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் என்று கோச் சொல்வாரே, அந்த வேகத்தில் வர்ணத்தில் வருகிற ஸ்வரக் கோவையான சிட்டை ஸ்வரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள். ஸ்வரம் நடுவில் மூச்சு முட்டினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், வாட்ச்சைப் பார்க்கவே வேண்டாம். எதிரே வாக்கிங் வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். கச்சேரி கேட்பதை வீட்டில் ட்ரெயினர் ஸ்டாண்டில் சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் காதில் இயர்போன் கூடாது, லாரி வருவது தெரியாது. போட்டியிலும் அதற்குத் தடை உண்டு.

வாட்ச் என்றதும் ஒன்று. வீணை வாசித்த நிமிடங்களையும் எண்ணி, ஓடிய கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 7.10 என்பது 6.30 ஆனால் யாருக்கும் புரியும். தோடி ராகத்தில் அந்தக் காந்தார ஸ்வரம் நேற்றைவிட இன்று சரியாக அசைந்தது என்பதை எந்த எண்ணில் எழுதுவீர்கள்? மறுபடி எடுக்கிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று மாதம் பழைய ஞாபகத்தில் சரசரவென்று வரும், பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். நீங்கள் இப்போது அங்கேதான் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கணக்கு நோட்டில் பார்த்தால் அது தோல்வி மாதிரி தெரியும், உண்மையில் இருபது வருடத்துக்கு முன் நிறுத்திய இடத்துக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். போட்டிக்காரர்களுக்கே உரிய அவசரத்தை இதில் காட்டாதீர்கள். ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசையை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசித்துப் பழகியவர்தானே, முதல் காலத்தில் நிதானமாக நிற்காத கை மூன்றாம் காலத்தில் என்ன செய்யும் என்று தெரியும்.

இனி உங்கள் வீட்டுக்காரர். சனிக்கிழமை காலை முழுக்க லாங் ரைடு, ஞாயிறு காலை லாங் ரன், அப்புறம் மதியம் அசந்து தூக்கம். இதுவரை வீட்டில் இருப்பவர்களுக்கென்று மிஞ்சியது ஞாயிறு சாயங்காலம் மட்டும், அதையும் வீணை க்ளாஸுக்குக் கொடுத்துவிட்டீர்கள். அவருக்கு வீணை பிடிக்கவில்லை என்று நான் நினைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை காணாமல் போனதுதான் அவர் பிரச்சினை. க்ளாஸை வாரநாளுக்கு மாற்றச் சொல்லுங்கள், ஆன்லைனில் என்றாலும் சரி. பழமொழி தானாக நின்றுவிடும் பாருங்கள்.

கடைசியாக ஆறரை மணி நேரம். இந்த வருடம் அது வேண்டுமா என்று யோசியுங்கள். நாற்பது நிமிடம் குறைப்பது சின்ன விஷயமில்லை, 12 மணி நேரப் பயிற்சி அதற்காகத்தான். ஏற்கெனவே அடித்தளம் இருக்கிற நீங்கள் வாரம் எட்டு ஒன்பது மணி நேரத்திலேயே ஏழு மணியை ஒட்டி முடித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம், மிச்சமாகிற மூன்று மணி நேரத்தில் தினமும் அந்த இருபது நிமிடம் போக அரை மணி நேரத்துக்கு மேல் கையில் நிற்கும். இல்லை, ஆறரைதான் வேண்டும் என்றால் அதிலும் தப்பில்லை, ஆனால் நவராத்திரி வாசிப்பை ஒரே ஒரு வர்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மறந்துவிட்டேன், வீணைக்கு மேளம் கட்டினீர்களா, அதாவது மெட்டுகளை மெழுகில் மறுபடி சரியான இடத்தில் பதித்தீர்களா? இருபது வருட வெயிலில் மெழுகு இளகி, 24 மெட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும், ஸ்வரம் சேராததற்கு உங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். நவராத்திரி நெருங்கினால் மேளம் கட்டுகிறவரைப் பிடிப்பது கஷ்டம், இந்த வாரமே போன் செய்துவிடுங்கள். காரில் எடுத்துப் போனால் வெயிலில் பூட்டி வைத்துவிட்டு எங்கும் போகாதீர்கள்.